எந்தக் கடவுளின் பெயரால்?

(படிப்பக ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அமெரிக்க நாட்டைப் பற்றிப் பேசுமாறு படிப்பகத் தோழர்கள் பணித்திருக்கிறார்கள். வானை முட்டும் மாளிகைகளைப் பற்றி அல்ல. வளம் கொழிக்கும் வயல்களைப் பற்றி அல்ல. டாலரின் செருக்கைப் பற்றியும் அல்ல. அந்த நாடு பிறந்தபோது தொட்டிலருகே நின்ற தெய்வம் எது என்ற வழக்கைப் பற்றி!

"அமெரிக்கா கிறிஸ்தவ நாடு, கிறிஸ்துவின் பெயரால் நிறுவப்பட்ட நாடு" என்கிறார்கள் ஒரு சாரார். "இல்லை, இல்லை, அதை நிறுவியவர்கள் கடவுள் உண்டு என்றார்கள், அவ்வளவுதான், எந்த மதத்தின் முத்திரையையும் அவர்கள் குத்தவில்லை" என்கிறார்கள் மற்றொரு சாரார். தேர்தல் வந்தால் இந்த வழக்கு சூடேறும். பள்ளிப் பாடநூல் எழுதும்போது புகை கிளம்பும். நீதிமன்றப் படிக்கட்டில் பொறி பறக்கும்.

எங்கோ நடக்கும் வழக்கு நமக்கெதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். ஓர் அரசு அமைகிறபோது அதன் தலைவாயிலில் எந்தப் பெயரைப் பொறிப்பது என்பது வெறும் பெயர்ப் பலகைப் பிரச்சினை அல்ல. அந்த வாயிலுக்குள் யார் நிமிர்ந்து நுழையலாம், யார் வெளியே ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் பிரச்சினை!

நாடகம் எழுதிப் பழகியவன் நான். வாதத்தைக் காட்சியாக்கிப் பார்த்தால்தான் எனக்கு நிறைவு. ஆகவே வழக்கு மன்றம் ஒன்றைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். நீதிபதியின் ஆசனத்தில் நீங்கள் அமர்ந்திருக்கிறீர்கள். கிறிஸ்தவ நாடு என்று கூறும் வழக்கறிஞர் எழுகிறார்.

"கனம் நீதிபதி அவர்களே! மாசசூசெட்ஸ் கரையில் குடியேறியவர்கள் யார்? பைபிளைக் கையிலேந்திக் கடல் கடந்த பியூரிடன்கள்! 1776இல் டெலாவேர் மாநிலம் இயற்றிய அரசியல் சட்டத்தைப் புரட்டுங்கள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரிடமும் விசுவாசம் உண்டு என்று உறுதி கூறாதவன் அங்கே பதவி ஏற்க இயலாது. 1780இல் மாசசூசெட்ஸ் இயற்றிய சட்டத்தைப் பாருங்கள். கிறிஸ்தவனல்லாதவன் அங்கே கவர்னராக முடியாது. போர் முடிந்து, 1783இல் பிரிட்டனோடு பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கை எப்படித் தொடங்குகிறது? பரிசுத்தத் திரித்துவத்தின் பெயரால் தொடங்குகிறது! 1787ஆம் ஆண்டு அரசியல் சட்டமே, மசோதாவைப் பரிசீலிக்கக் குடியரசுத் தலைவருக்குத் தந்த 10 நாள் தவணையில் ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துத்தானே கணக்கிடுகிறது? தேதியிடும்போது நம் ஆண்டவரின் ஆண்டு என்றுதானே எழுதுகிறது? இதற்கு மேலும் என்ன சான்று வேண்டும்?"

தோழர்களே! ஊதித் தள்ளிவிடக் கூடிய வாதமல்ல இது. அத்தனையும் ஏட்டில் உள்ளவை. ஆனால் எதிர் வழக்கறிஞர் என்ன சொல்கிறார்?

"கனம் நீதிபதி அவர்களே! 1776 ஜூலை 4ஆம் நாள் சுதந்திரப் பிரகடனத்தை எடுத்துக் கொள்வோம். இறைவனைச் சுட்டும் இடங்கள் அதில் நான்கு. இயற்கையின் கடவுள் என்று ஓரிடம். படைத்தவன் என்று ஓரிடம். உலகின் உயர் நீதிபதி என்று ஓரிடம். தெய்வத்தின் காவல் என்று ஓரிடம். கடைசி இரண்டும் ஜெபர்சன் எழுதிய வரைவில் இல்லாமல், காங்கிரஸ் பின்னர் சேர்த்தவை. நான்கில் எங்கேனும் இயேசுவின் பெயர் உண்டா? சிலுவை உண்டா? அந்த ஏட்டை எழுதிய ஜெபர்சன், முதுமையில் சுவிசேஷங்களைக் கத்தி கொண்டு நறுக்கி, அற்புதங்களை ஒதுக்கி, அறவுரைகளை மட்டும் ஒட்டித் தமக்கென ஒரு நூல் செய்து கொண்டவர். அந்த நூல் இயேசுவின் கல்லறை வாயிலில் கல்லை உருட்டி வைப்பதோடு முடிகிறது; உயிர்த்தெழுதல் அதில் இல்லை! பெஞ்சமின் பிராங்க்ளின், 1790இல் சாவதற்குச் சில வாரங்களுக்கு முன், இயேசுவின் தெய்வத் தன்மையில் தமக்கு ஐயம் உண்டு என்றும், விரைவில் நேரிலேயே தெரிந்து கொள்ளப் போகிறபோது இப்போது எதற்கு ஆராய்ச்சி என்றும் கடிதம் எழுதியவர். இவர்களா கிறிஸ்தவ நாட்டை நிறுவியவர்கள்?"

இதுவும் உண்மைதான். அப்படியானால் தீர்ப்பு எந்தப் பக்கம்?

மூன்று கேள்விகளை ஒரே முடிச்சாக இறுக்கியதால் வந்த சிக்கல் இது. முடிச்சை அவிழ்ப்போம். மக்கள் எந்த மதத்தினர்? முழக்கத்தில் எந்தக் கடவுள்? சட்டத்தில் யாருக்கு இடம்? தனித்தனியே கேட்டால் தனித்தனியே விடை கிடைக்கிறது.

மக்களா? குடியேறிய மக்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர், அவர்களிலும் புராட்டஸ்டண்டுகள். முழக்கமா? 1776இன் முழக்கத்தில் கடவுள் உண்டு, கிறிஸ்து இல்லை. சட்டமா? 1787இன் சட்டத்தில், தேதியில் வரும் அந்த வழக்குச் சொல்லை நீக்கிப் பார்த்தால், கடவுளும் இல்லை!

ஏன் இந்த மாற்றம்? பதினோரே ஆண்டுகளில் இறைவனைத் துறந்துவிட்டார்களா? இல்லை. 1776இல் அவர்கள் எதிர்த்தது ஒரு மன்னனை. கடவுளின் அருளால் முடி சூடியவன் என்று முத்திரையிலே பொறித்துக் கொண்ட மன்னனை! அவனுக்கு மேலே ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது. ஆகவே மன்னனின் கடவுளை விடப் பெரிய, மனிதர் அனைவரையும் சமமாகப் படைத்த கடவுளிடம் முறையிட்டார்கள். 1787இல் அவர்கள் இறங்கியது முறையிடும் பணியில் அல்ல. அரசு அமைக்கும் பணியில். அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, மேலேயிருந்து என்று விண்ணைக் காட்டவில்லை. மக்களாகிய நாங்கள் என்று மண்ணைக் காட்டினார்கள்!

இந்தத் தெளிவு திடீரென்று உதித்ததல்ல. வர்ஜீனியா மாநிலத்தில் வலியோடு பிறந்தது. இங்கிலாந்துத் திருச்சபைதான் அங்கே அரசாங்கச் சபை. அனுமதியின்றிப் பிரசங்கம் செய்த பாப்டிஸ்டுப் போதகர்கள் சிறையில் தள்ளப்பட்டார்கள். திருடினார்களா? தீ வைத்தார்களா? இல்லை, அதே இயேசுவைத்தான் வணங்கினார்கள், வேறு முறையில்! பக்கத்து மாவட்டத்துச் சிறையில் அப்படி ஐந்தாறு பேர் அடைபட்டிருப்பதைக் கண்டு உள்ளம் கொதித்து, 1774இல் நண்பருக்குக் கடிதம் எழுதினார் ஓர் இளைஞர். ஜேம்ஸ் மாடிசன் அவர் பெயர். பின்னாளில் அரசியல் சட்டத்தின் தந்தை என்று போற்றப்பட்டவர்.

1784இல் அதே வர்ஜீனியாவில் ஒரு மசோதா வருகிறது. கொண்டு வந்தவர் சாமான்யரல்லர். விடுதலைப் போரின் வீர நாவலர் பாட்ரிக் ஹென்றி! கிறிஸ்தவப் போதகர்களுக்கு ஊதியம் தர மக்களிடம் வரி வசூலிக்க வேண்டும் என்பது மசோதா. எந்தப் பிரிவுக்குத் தருவது என்பதை வரி கட்டுகிறவனே குறித்துக் கொடுக்கலாமாம். எவ்வளவு தாராளம், பாருங்கள்! மாடிசன் எழுந்தார், எதிர்த்தார், 1785இல் எதிர்ப்பு விண்ணப்பம் தீட்டினார். இன்று எல்லாக் கிறிஸ்தவப் பிரிவுகளுக்கும் என்று சட்டம் செய்ய அதிகாரம் உண்டென்றால், நாளை ஒரே பிரிவுக்கு என்று சட்டம் செய்யவும் அந்த அதிகாரமே போதுமே என்று கேட்டார். மசோதா மடிந்தது. ஜெபர்சன் முன்பே எழுதி வைத்திருந்த சமயச் சுதந்திரச் சட்டம் 1786 ஜனவரியில் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தின் முகவுரை விவாதத்தில் நடந்த ஒரு காட்சியைக் கேளுங்கள். நமது சமயத்தின் புனித மூலவர் என்றொரு தொடர் அதில் இருந்தது. ஓர் உறுப்பினர் எழுந்து, அங்கே இயேசு கிறிஸ்து என்ற பெயரைச் சேர்க்க வேண்டுமென்றார். இரண்டே சொற்கள்! சபையில் இருந்தவர்களோ கிறிஸ்தவர்கள். ஞாயிறு தோறும் அந்தப் பெயரை உச்சரித்து மண்டியிடுகிறவர்கள். சேர்த்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் பெரும்பான்மையோர் மறுத்துவிட்டார்கள். இதை 1821இல் தம் வாழ்க்கைக் குறிப்பில் பதிவு செய்த ஜெபர்சன், யூதரும் கிறிஸ்தவரும் முகமதியரும் இந்துவும் எந்த நம்பிக்கையும் அற்றவரும் இந்தச் சட்டத்தின் காப்புக்குள் வர வேண்டும் என்பதே சபையின் கருத்து என்று விளக்குகிறார். ஆம் தோழர்களே, இந்து என்ற சொல் அங்கே இருக்கிறது! அன்றைய வர்ஜீனிய வீதிகளில் இந்துவைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிதினும் அரிது. கண்ணில் படாதவனுக்கும் கதவைத் திறந்து வைத்தார்கள். தம் தெய்வத்தின் பெயரைச் சேர்க்கப் பெரும்பான்மை இருந்தும் சேர்க்காமல் விட்டார்களே, அதுதான் பெருந்தன்மை!

அடுத்த காட்சி பிலடெல்பியா, 1787. அரசியல் சட்ட மாநாடு மூடிய கதவுகளுக்குப் பின்னே நடக்கிறது. செப்டம்பர் 7ஆம் நாள் மாநாட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. எழுதியவர் ஜோனஸ் பிலிப்ஸ். அந்நகரத்து யூத வணிகர். பென்சில்வேனியாவின் அன்றைய சட்டப்படி, பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் இறைவனால் அருளப்பட்டவை என்று உறுதி கூறினால்தான் சட்டசபையில் அமரலாம். யூதர் புதிய ஏற்பாட்டை ஏற்காதவர், எப்படிக் கூறுவார்? விடுதலைப் போரில் நாங்களும் போரிட்டோம், எங்கள் குருதியும் சிந்தியது, எங்களை வெளியே நிறுத்தாதீர்கள் என்று உருக்கமாக வேண்டினார் அந்த வணிகர். அவருக்குத் தெரியாது, ஆகஸ்டு 30ஆம் நாளே உள்ளே கதவு திறக்கப்பட்டுவிட்டது என்று! ஐக்கிய நாட்டின் எந்தப் பதவிக்கும் எக்காலத்தும் மதச் சோதனை கூடாது என்று மாநாடு முடிவு செய்திருந்தது. அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவில் அது நிலைத்தது.

"அவர்கள் அப்படி எண்ணி எழுதவில்லை, நாம்தான் இன்று புதுப் பொருள் கற்பிக்கிறோம்" என்பாருண்டு. எண்ணித்தான் எழுதினார்கள் என்பதற்கு, அன்று எதிர்த்தவர்களே சாட்சி! மாநாட்டில் அமர்ந்திருந்த மேரிலாந்து உறுப்பினர் லூதர் மார்ட்டின், கிறிஸ்தவ நாட்டில் கிறிஸ்தவனுக்கும் அவிசுவாசிக்கும் வேற்றுமை வேண்டாமா என்று கேட்ட சிலரின் குரல் அங்கே எடுபடவில்லையே என்று குறைபட்டார். 1788 ஜூலையில் வட கரோலினா மாநாட்டில், இந்தச் சட்டத்தால் முகமதியரும் புறச்சமயத்தாரும் பதவிக்கு வந்துவிடுவார்களே என்ற அச்சம் வெளியிடப்பட்டது. ஜேம்ஸ் அயர்டெல் என்ன விடையிறுத்தார்? எந்த ஒரு கூட்டத்தாரையும் ஒதுக்கினால், நாம் போராடிப் பெற்ற சமயச் சுதந்திரத்தின் அடிப்படையே தகர்ந்துவிடாதா என்று திருப்பிக் கேட்டார்.

1797 ஜூன் 7ஆம் நாள் செனட் சபை திரிப்போலி உடன்படிக்கையை ஒரு மனதாக ஏற்றது. கிறிஸ்தவ மதத்தின் மீது நிறுவப்பட்ட அரசல்ல அமெரிக்க அரசு என்று அதன் 11ஆம் விதி பச்சையாகச் சொல்கிறது. அரபு மூலத்தில் அந்த விதி காணப்படவில்லை என்று பிற்காலத்து ஆய்வாளர்கள் கண்டார்கள். இருக்கட்டும்! செனட்டர்கள் வாசித்தது அரபு ஏட்டையல்ல, ஆங்கில ஏட்டை. குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்டதும் அந்த ஏட்டில்தான்.

இதிலே ஓர் அதிசயம் உண்டு. இந்தச் சுவரை எழுப்பியவர்கள் ஐயப்பாட்டுக்காரர்கள் மட்டுமல்லர். அழுத்தமான பக்திமான்களும் தோள் கொடுத்தார்கள். மாசசூசெட்சிலுள்ள செஷயர் என்ற சிற்றூரின் பாப்டிஸ்டுகள், தங்கள் போதகர் ஜான் லீலண்டு தலைமையில் 1,235 பவுண்டு எடையுள்ள பாலாடைக்கட்டி ஒன்றைச் செய்து, வெள்ளை மாளிகைக்கே கொண்டு போய் ஜெபர்சனுக்குக் காணிக்கையாக்கினார்கள். சுவிசேஷத்தைக் கத்தரித்தவருக்குச் சுவிசேஷப் பிரசங்கியின் சீதனம்! அது 1802 ஜனவரி முதல் நாள். மதத்துக்கும் அரசுக்கும் இடையே சுவர் என்ற புகழ்பெற்ற உவமையை டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு ஜெபர்சன் எழுதியனுப்பியதும் அதே நாளில்தான். அரசன் கை கோயிலுக்குள் நுழைந்தால் கோயில் கெடும் என்பதைச் சிறைப்பட்ட பக்தன் அறிந்திருந்தான். குருவின் கை கோட்டைக்குள் நுழைந்தால் கோட்டை கெடும் என்பதைச் சிந்தித்த தலைவன் அறிந்திருந்தான்!

அந்தப் பாலாடைக்கட்டியைத் தந்தபோது செஷயர் உழவர்கள், ஓர் அடிமையின் உழைப்பும் கலவாமல் செய்தது இது என்றார்கள். யாரிடம் சொன்னார்கள்? வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக உடைமை கொண்டிருந்த ஜெபர்சனிடம்!

இங்கேதான் தோழர்களே, பாராட்டுரை வாசித்துக் கொண்டிருந்த நாவு தடைப்படுகிறது. 1787ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத சொற்கள் இரண்டு. ஒன்று, கடவுள். மற்றொன்று, அடிமை! ஆனால் அடிமைத்தனம் இருந்தது. பிரதிநிதித்துவக் கணக்கில் அடிமை ஐந்தில் மூன்று பங்கு. அடிமைகளை இறக்குமதி செய்வதற்கு 1808 வரை தடையில்லை. தப்பியோடியவனைப் பிடித்துத் திருப்பித் தர வேண்டும். இத்தனையும் எழுதிவிட்டு, அடிமை என்ற சொல்லை மட்டும் எழுதாமல் சுற்றி வளைத்தார்கள். கடவுள் என்று எழுதாதது அவர்கள் அறிவு. அடிமை என்று எழுதாதது அவர்கள் வெட்கம்!

சரி, கடவுளை எழுதியிருந்தால் அந்த வெட்கம் நீங்கியிருக்குமோ? வரலாறு அதற்கும் விடை வைத்திருக்கிறது. 1861இல் தென்மாநிலங்கள் பிரிந்து போய்த் தனி அரசியல் சட்டம் இயற்றின. பழைய முகவுரையில் இல்லாத குறையைத் தீர்த்து, எல்லாம் வல்ல இறைவனின் அருளையும் வழிகாட்டுதலையும் வேண்டிச் சேர்த்தன. அடிமை என்ற சொல்லையும் கூச்சமின்றிச் சேர்த்தன. அடிமைகள் மீதுள்ள உடைமையுரிமையைப் பறிக்கும் சட்டம் கூடாது என்றும் விதித்தன. கடவுள் வந்தார், அடிமையும் வந்தான்! முகவுரையில் இறைவன், உள்ளுரையில் விலங்கு! அடிமையாய்ப் பிறந்து அறிஞராய் உயர்ந்த பிரடெரிக் டக்ளஸ், 1852 ஜூலை 5ஆம் நாள் ராச்செஸ்டர் நகரில் ஆற்றிய உரையில், அடிமைத்தனத்துக்குத் துணை நின்ற திருச்சபைகளைக் கூண்டிலேற்றியது எதற்காக? தொழுகையில் குறைவு என்பதற்காகவா? தொழுத வாயால் தொடர்ந்து விலை பேசினார்களே, அதற்காக!

உள்நாட்டுப் போரின் நடுவே, இந்தத் துன்பமெல்லாம் சட்டத்தில் இறைவனை மறந்ததால் வந்த தண்டனை என்று வடக்கிலும் சிலர் கருதினார்கள். இயேசு கிறிஸ்துவை ஏற்கும் வகையில் முகவுரையைத் திருத்துமாறு 1864இல் கோரினார்கள். 1874இல் காங்கிரசின் கமிட்டி அந்தக் கோரிக்கையை ஏற்க மறுத்தது. அமெரிக்கா தொடக்கத்திலேயே கிறிஸ்தவ அரசாக நிறுவப்பட்டிருந்தால், இந்தத் திருத்தம் எதற்கு? இல்லாததைத்தானே ஐயா சேர்க்கச் சொல்வார்கள்!

பின்னாளில் சேர்ந்தவை உண்டு. கடவுளை நம்புகிறோம் என்ற வாசகம் 1864இல் இரண்டு சென்ட் நாணயத்தில் ஏறியது. நாட்டின் குறிக்கோள் வாசகமானது 1956இல். கொடி வணக்க உறுதிமொழியில் கடவுளின் கீழ் என்ற தொடர் நுழைந்தது 1954இல். 1892இல் அந்த உறுதிமொழியை இயற்றிய பிரான்சிஸ் பெல்லமி ஒரு பாப்டிஸ்டுப் பாதிரியார்; அவர் எழுதியதில் கடவுள் இல்லை! சோவியத் நாட்டோடு பனிப்போர் மூண்ட காலத்தில் ஒட்டிய சுவரொட்டியைக் காட்டி, அடிக்கல்லே இதுதான் என்று வாதிடுவது வரலாறாகாது.

அப்படியானால் பொதுவான இறை நம்பிக்கை என்ற கட்சிக்குத்தான் வெற்றியா? அவர்களும் அவசரப்பட வேண்டாம். முழக்கத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் சட்டத்தின் வாயிலில் அந்தப் பொதுக் கடவுளை நிறுத்தினால் என்ன ஆகும்? மேரிலாந்து மாநிலத்தைக் கேளுங்கள். ராய் டோர்காசோ என்பவர் நோட்டரி பதவிக்கு நியமிக்கப்பட்டார். கடவுள் உண்டு என்று உறுதி கூறு என்றது மாநிலச் சட்டம். கிறிஸ்துவை நம்பு என்று கூறவில்லை. எந்தக் கடவுளாயினும் சரி, எவ்வளவு அகன்ற கதவு! ஆனால் அந்த மனிதருக்குக் கடவுளில் நம்பிக்கையில்லை. மனமறிந்து பொய் சொல்லவும் மனமில்லை. பொய் சொல்லியிருந்தால் பதவி; மெய் சொன்னதால் வெளியே! 1961இல் உச்ச நீதிமன்றம் ஒரு மனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1787இல் யூத வணிகர் எழுதிய கடிதத்துக்கு, 174 ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட மறுமொழி அது.

ஆகவே நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்திருக்கும் தோழர்களே, என் கணிப்பைச் சொல்லி முடிக்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. அமெரிக்க மக்கள் கிறிஸ்தவத்தில் ஊறியவர்கள், மறுப்பதற்கில்லை. அவர்கள் விடுதலை முழக்கத்தில் ஒலித்தது எந்த ஒரு மதமும் தன்னுடையதென்று பட்டா எழுதிக் கொள்ள முடியாத பொதுக் கடவுளின் பெயர், அதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் அமைத்த அரசு எந்தக் கடவுளின் பெயராலும் அமைந்ததன்று. மக்களின் பெயரால் அமைந்தது. அந்த மக்கள் என்ற சொல்லுக்குள் கறுப்பு மனிதனை அன்று சேர்க்காததுதான் அதன் களங்கமே தவிர, கடவுளைச் சேர்க்காதது களங்கமன்று.

2007 ஜனவரியில் கீத் எலிசன் என்ற கறுப்பின முஸ்லிம் காங்கிரஸ் உறுப்பினராகிக் குர்ஆனின் மீது கை வைத்து உறுதி ஏற்றார். பைபிள் இல்லாமல் பதவிப் பிரமாணமா என்று கூச்சல் எழுந்தது. அவர் கை வைத்த குர்ஆன் யாருடையது தெரியுமா? 1765இல் விலை கொடுத்து வாங்கி, தம் நூலகத்தில் ஜெபர்சன் வைத்திருந்த பிரதி! ஜெபர்சன் வீட்டில் அடிமையாக மட்டுமே இருந்திருக்கக் கூடிய ஒருவர், 1787இன் சட்டம் பெயர் சொல்லிக் காப்பளிக்காத, ஆனால் எவரையும் பெயர் சொல்லி விலக்காத அந்த வாயிலின் வழியே நிமிர்ந்து நடந்து வந்தார்.

வாயிலில் பெயர் எழுதாமல் விட்டார்களே, அதனால் வந்தார்!